லைன் பார்க்க வந்தவர்

இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உள்ளே உட்கார்ந்தபடியே போன் பேசலாம். கதவைச் சாத்திக்கொண்டும் பேசலாம். அதற்காக இந்த மலையில் ஏறி இறங்கிய ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். நான் வலியப் போய் ஒருவர் பெயரைக் கேட்கிறவள் இல்லை, அவராகவும் சொல்லவில்லை. கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். மழைக்குப் பயந்து அதையும் சட்டைக்குள் விட்டிருப்பார். லயத்தில் எல்லோரும் லைன்காரர் என்றோம். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, தாடியில் நரை, காலில் ரப்பர் பூட்ஸ். நெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகையை வாரில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதில் நாலு போன்கள், ரப்பர் பட்டை போட்டு இறுக்கி, வரிசையாக இருக்கும். திருவிழாவில் கடலை விற்கிறவர் தட்டை மாட்டிக்கொண்டு வருவது போலத் தெரியும். வலது கையில் பென்சில். ஈரத் தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும் என்பார்.

முதலில் அவரைப் பார்த்தது ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில். கோவிட் முடிந்து ரோட்டுத் தடுப்பெல்லாம் எடுத்துவிட்ட பிறகு. நான் கொழுந்து கிள்ளும் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அந்தக் காட்டை ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கீரையும் சவ்சவ்வும் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சரசுவும் நானும் அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா? என்ன கறி?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு பத்தடி தள்ளி, அதே குரல். "சாப்பிட்டியா? என்ன கறி?"

பனி விலகினபோது பார்த்தால், செடிகளுக்கு நடுவே இந்த ஆள் தனியாக நிற்கிறார். ஒரு போனைக் காதில் வைத்திருக்கிறார். தலையை ஆட்டுகிறார், எழுதுகிறார், பத்தடி நகர்கிறார், மறுபடியும் சாப்பிட்டியா என்கிறார்.

சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பொண்டாட்டிய இத்தன தடவ சாப்பிட்டியான்னு கேக்கற ஆம்பளைய இன்னிக்கித்தான்க்கா பாக்கறேன்."

"பொண்டாட்டியா இருக்காது," என்றேன். "பொண்டாட்டின்னா இவ்ளோ பொறுமையா கேக்க மாட்டான்."

அவருக்குக் காது கூர்மை. நேரே எங்களிடம் வந்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. போனைச் சரசுவிடம் நீட்டி, "நீங்களே பேசிப் பாருங்கம்மா," என்றார்.

சரசு வாங்கி, "யாரு?" என்றாள். சற்றுப் பொறுத்து முகம் மாறியது. "நான் சரசு. நீ யாரு?" என்றாள். மறுபடியும் கேட்டுவிட்டு, "என்ன இவ, நான் கேக்கறதையே திருப்பிக் கேக்கறா. மரியாத இல்லாதவளா இருக்காளே," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அது அவருடைய ஆபீஸ் நம்பராம். அந்தப் பக்கம் ஆள் கிடையாது. நாம் சொன்னதை அப்படியே நமக்குத் திருப்பி அனுப்பும். போகிற குரலும் வருகிற குரலும் எங்கே உடைகிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக. நானும் வாங்கிப் பேசினேன். நல்லா இருக்கியா என்றேன். கரகரவென்று, யாரையோ அதட்டுகிற மாதிரி ஒரு கிழவியின் குரல் நல்லா இருக்கியா என்றது. என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரார் காதில் விழுந்தது இதுதானா என்று இருந்தது.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண வேண்டியதுதானே," என்று கேட்டேன்.

"எண்ணினா உடைஞ்சது தெரியாதும்மா. தெனம் பேசற பேச்சு பேசினாத்தான் எங்க விட்டுப் போச்சுன்னு காதுக்குத் தெரியும்."

காது. அந்த ஆளுக்கு எல்லாமே அதுதான். யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ள மாட்டார். போனில் கோடு ஏறியிருக்கிறதே என்றால், கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குரல் வருகிறதா என்பார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒரு நாள் ஒரு தாளை நீட்டினார்.

"ஆறு லயமும் செக் பண்ணியாச்சு, எல்லாம் ஓகே. சைன் வாங்கிட்டுப் போலாம்லா."

"நீங்க பாத்தீங்களா?"

"மண்டோர் பாத்தாரு. ஆள மேய்க்கற அவருக்குத் தெரியாததா?"

"மண்டோர் எங்க?"

"லீவு."

லைன்காரர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆறு லயத்துக்கும் நடந்தார். கிராணி அவர் முதுகைப் பார்த்து, "ரிங்லெட் டவுன்ல போய் ரொட்டி சானாய் தின்னுட்டுத் தூங்க வேண்டிய நேரம். மண்டையில மழ ஏறட்டும்," என்றார். ஆனால் எங்கள் மூன்றாம் லயத்தில் வாசலில் தன் போனில் வருகிற லைன் அடுப்படியில் வருவதில்லை என்று லைன்காரர் அன்றுதான் கண்டுபிடித்தார். எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது, மேலே தகரக் கூரை. மேட்டில் புதிதாக நிறுத்தியிருந்த போன் டவரின் முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அதைத் திருப்ப ஆட்கள் வர நாலு மாதம் ஆனது.

என் வீட்டு அடுப்படிக்கு அவர் வந்ததும் அந்த மழையில்தான். வாசலில் நின்று, "உள்ள ஒரு நிமிஷம் வரலாமாம்மா?" என்றார்.

"உள்ள எதுக்கு?"

"நீங்க அங்க நின்னுதானே பேசுவீங்க."

இந்தத் தோட்டத்துக்குத் துரைகள் வந்திருக்கிறார்கள், வோட்டுக் கேட்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். நான் எங்கே நின்று பேசுவேன் என்று யாரும் கேட்டதில்லை. உள்ளே விட்டேன். பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் வைத்து அதை மறைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, சாப்பிட்டியா, என்ன கறி என்றார்.

என் அடுப்படியில் நின்று ஓர் ஆள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்டால் நான் எப்படிச் சும்மா இருப்பது? தட்டை வைத்தேன். சோறு, கீரை, நெத்திலிப் பொரியல். "காரம் போடல, சாப்பிடுங்க," என்றேன். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் சொன்னா நம்பிக்க இல்லியா?"

"தப்பா நெனைக்காதீங்கம்மா. பழக்கமாயிருச்சு."

கோயிலையும் அவர் விடவில்லை. அம்மன் கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்று பேசிப் பார்த்தார். பூசாரி, "உள்ளயும் வந்து பாருங்க, ஆத்தாவுக்கு லைன் வேணாமா?" என்று சிரித்தார். "ஆத்தாவக் கேட்டுட்டுத்தான் வரணும்," என்றார் இவர். புத்தகத்தில் என்ன எழுதினீர்கள் என்று சரசு விடாமல் கேட்டதற்குப் படித்துக் காட்டினார். கோயில் வாசல், உண்டு. கோயில் உள்ளே, பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

டவர் வருமுன் இங்கே போன் பேச வேண்டுமானால் பன்னிரண்டாம் நம்பர் மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வேண்டும். சாயங்காலமானால் வங்காளதேசத்து ஆட்கள், நேப்பாளிகள், எங்களில் மிச்சம் இருக்கிற நாலைந்து குடும்பம், எல்லோரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வீட்டுச் சண்டை எல்லோருக்கும் தெரியும். நான் ஏறியதில்லை. முழங்கால் வலி என்று சொல்வேன். சரசுவின் முழங்கால் என் முழங்காலை விட மோசம். அவள் ஏறினாள்.

என் மகனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே மகன். ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டின பிறகு திரும்புகிறான். அவன் அப்பா இறந்த வருஷம் என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டான். பதினான்காவது மாடி. பத்து நாள் இருந்தேன். பத்தாம் நாள் மருமகள் ஊற்றிய ரசத்தைக் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணிய ஏன் சுட வெச்சே?" என்று கேட்டேன். அன்றைக்கு அவள் தாயாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மறுநாள் மகன் என்னை எங்கள் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டான். சொன்னது தப்பு என்று பஸ் ஏறுமுன்னே எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அவன் மட்டும் வந்தான். எனக்குப் புதுப் போன் வாங்கி வந்தான். அதில் என்னவோ அழுத்தி, "ரோமிங்க அடைச்சு வெச்சிருக்கேன்மா. வேற கம்பெனி லைன பிடிக்காது. இதத் தொடாத, தொட்டா டுவிட் பறந்துரும், காசெல்லாம் போயிரும்," என்றான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. கூப்பிடவும் இல்லை. லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில் வைத்திருந்தேன். "அவன் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பான். இங்க லைன் எங்க இருக்கு?" சொல்லிச் சொல்லி அது எனக்கே பாதி நிஜமாகிவிட்டது.

டவர் முகத்தைத் திருப்பிவிட்டுப் போன இரண்டு வாரத்தில் லைன்காரர் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது. டவர் தயார் என்று கம்பெனிக் கம்ப்யூட்டர் சொல்கிறது. எங்கள் லயத்துப் போன் ஒன்றுகூட அதில் ஏறவில்லை. அவர் பலகையில் இருந்த நாலு போனிலும் லைன் நிரம்பி வழிகிறது, எங்கள் கையில் இருப்பதில் ஒன்றும் இல்லை. குழாயடியில் நின்று வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு சரசுவின் போனை வாங்கி அதற்குள் என்னென்னவோ அழுத்திப் பார்த்தார்.

"ரோமிங்க யாரும்மா அடைச்சது?"

"என் மருமகன். சிங்கப்பூர்ல தெரியாம தொறந்து வெச்சு, பாதிச் சம்பளம் போச்சாம் அவருக்கு. என் போனையும் அடைச்சுக் குடுத்துட்டாரு. தொடாதீங்க தம்பி."

அடுத்த வீட்டிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. பிள்ளை பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற வீடு ஒவ்வொன்றிலும் பெற்றவர்களின் போனைப் பிள்ளைகளே அடைத்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அடைத்திருந்தார்கள். லைன்காரர் வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நாலு மாசமா நான் டவரத் திருப்பச் சொல்லி எழுதிக்கிட்டிருக்கேன். நீங்க எல்லாரும் உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

பிறகுதான் விளக்கினார். எங்கள் போனில் இருக்கிற கம்பெனிக்கு இந்தப் பக்கம் டவர் கிடையாது, தண்ணீர்த் தொட்டிக்கு எட்டியது எங்கோ தூரத்து டவர். மேட்டில் நிற்பது வேறு கம்பெனியின் டவர். இரண்டு கம்பெனியும் பேசி ஒப்புக்கொண்டு, எங்கள் போனை அவர்கள் டவரில் ஏற விடுகிறார்கள். அதற்கும் ரோமிங் என்றுதான் பேர். ஆனால் நம் நாட்டுக்குள் நடப்பது, தனிக் காசு கிடையாது. சரசுவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முன்னெல்லாம் எங்கள் டிவிஷன் லோரி பழுதானால் பக்கத்து டிவிஷன் லோரி வந்து கொழுந்தை ஏற்றிக்கொண்டு போகும். லோரி அவர்களுடையது, கொழுந்து எங்களுடையது, எடை எங்கள் பேரில்தான் விழும். நான் அதைச் சொன்னதும் லைன்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எங்க மேனேஜரே இப்படிச் சொல்ல மாட்டாரும்மா," என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"நீ சொன்னா நாங்க நம்பிடணுமா?" என்றாள் சரசு.

"நம்பாதீங்க. இப்ப எவ்ளோ இருக்குன்னு பாத்துக்குங்க. தொறந்து பேசுங்க. அப்புறம் பாருங்க. வழக்கத்துக்கு மேல ஒரு காசு போயிருந்தா நான் தர்றேன்."

அவள் மகளைக் கூப்பிட்டு, மீன் விலையிலிருந்து ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினாள். பார்த்தாள். எப்போதும் போகிறதுதான் போயிருந்தது. அதற்குப் பிறகு அவளே ஆறு லயத்துக்கும் போய், தான் கண்டுபிடித்த மாதிரி எல்லோர் போனையும் திறக்க வைத்தாள்.

என் போனை அவரே திறந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் புத்தகத்தில் இரண்டு கட்டம். திறந்த அன்று ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. அந்தந்த வீட்டுப் போனிலிருந்தே ஒரு கால் போக வேண்டும், ஒரு கால் வர வேண்டும், இரண்டையும் அவர் காதால் கேட்க வேண்டும். என் போனிலிருந்து அந்த ஆபீஸ் நம்பரைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். என் அடுப்படியில் என் போன் அடித்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவ்வளவு சின்னப் பொருளுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருந்திருக்கிறது.

மூன்று நாள் அதைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அரிசி டின் மூடி மேல் வைத்துச் சமைத்தேன். குளிக்கும்போது குளியலறைச் சுவர் மேல் வைத்தேன். கீரை பறிக்கப் போனபோது மடியில் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் காலையில் அடிக்கும், சாயங்காலம் அடிக்கும். சரசு சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். லயத்தில் பத்து வீடு, நாலில்தான் ஆள். அடிக்காத வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தவை. என் வீடும் அந்தக் கணக்கில் போனது.

நாலாம் நாள் காலையில் சரசு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "மகன் கூப்பிட்டானாக்கா? இப்பத்தான் லைன் வந்திருச்சே."

கெட்ட மனசில் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "என் போன்ல இன்னும் சரியா விழல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, என் மகன் வைத்திருந்தபடியே அதை மறுபடியும் அடைத்தேன். அதில் இருக்கிற எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் லைன்காரரின் விரல் போன வழியைப் பார்த்து வைத்திருந்தேன். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கண்ணுக்கு அது பெரிய வேலை இல்லை. லைன் போனதும் எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அவர் இரண்டாவது கட்டத்தை எழுத வந்தார். வேலை முடியாததால் ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார். எல்லா வீட்டையும் முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவர், என் போனைக் கூப்பிட்டார். அடிக்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்தார்.

"நீங்களா மாத்தினீங்கம்மா?"

"ஆமா. என் மகன் வெச்சபடி இருக்கட்டும்."

"சரி," என்று திருப்பிக் கொடுத்தார்.

"லைன் இல்லன்னு எழுதிக்குங்க."

"லைன் இருக்கேம்மா."

"என் வீட்டுல இல்ல."

"உங்க வீட்டுலதான் நிக்கறேன். நாலு போன்லயும் இருக்கு."

"இல்லன்னு நான் கைநாட்டு வேணும்னாலும் போட்டுத் தர்றேன் தம்பி. எழுதிட்டுப் போங்க."

"கிராணி இருக்குன்னு சைன் போட்டாரு. அதையே நான் வாங்கிக்கலம்மா. இல்லாதத இருக்குன்னும் எழுத மாட்டேன், இருக்கறத இல்லன்னும் எழுத மாட்டேன். கட்டத்த வெறுமனே விட்டுட்டுப் போறேன்."

வெறுமனே விட்டால் மூன்றாம் லயம் முடியாது, மூன்றாம் லயம் முடியாவிட்டால் அவருடைய வேலை முடியாது, மேலே இருப்பவன் ஏசுவான். இதெல்லாம் சரசு சொல்லி எனக்குத் தெரியும். அவருக்கு ஏச்சு விழட்டும் என்று இருந்தது. வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய், சன்னல் பக்கம் நின்று பலகையின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான்.

"மலை மலையா நின்னு மெஷின்கிட்ட சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேக்கறியே, உனக்கு நெசமா கேக்க ஒரு ஆளு இருக்கா?"

வார் கொக்கி மாட்டுகிற சத்தம் நின்றது.

"மக இருக்காம்மா," என்றார். "சித்தியவான் ஊர்ல, அவ அம்மாகூட. நான் ஊர் ஊரா டவர் பாக்கறவன், வீட்டுல நிக்கல. ரெண்டு பேருக்கும் கோபம். ஞாயித்துக்கிழம காலையில மகளக் கூப்பிடுவேன். அடிக்கும். எடுக்க மாட்டா. இன்னிக்கும் கூப்பிட்டேன்."

"எடுக்காதவள எதுக்குக் கூப்பிடறே?"

"லைன் இல்லாம விட்டுப் போச்சா, அவ எடுக்கலையான்னு எனக்குத் தெரியணும்மா. தெரியாம இருக்க என்னால முடியாது. அவ எடுக்கலன்னு தெரியுது. அப்போ அடுத்த வாரமும் கூப்பிடலாம்."

இதை அவர் எனக்குப் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. சன்னலைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் கையிலிருந்த சட்டியைத் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன். பெற்றவள் நான், முதலில் கூப்பிட வேண்டியவன் அவன் என்று இத்தனை காலம் இருந்தேன். இந்த மனிதரும் பெற்றவர்தான். எடுக்காத போனுக்கு வாரா வாரம் கூப்பிட்டுவிட்டு, அன்றைய வேலைக்கு மலை ஏறுகிறார். அவர் குறைந்து போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டியைக் கவிழ்த்துவிட்டு, போனையும் ஒரு பழைய காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"தொறந்து குடுங்க," என்றேன். நானே திறந்திருப்பேன். அவர் கையால் திறக்கட்டும் என்று இருந்தது.

திறந்தார். தன் போனிலிருந்து கூப்பிட்டார், அடித்தது, பேசினார். வருகிற கால் சரி. போகிற காலுக்கு அந்த ஆபீஸ் நம்பரை அழுத்தப் போனார்.

"அது வேணாம். இந்த நம்பருக்குப் போடுங்க," என்று அந்தக் காலண்டர் தாளில் என் மகன் எழுதி வைத்திருந்த நம்பரைக் காட்டினேன்.

ஒவ்வொன்றாக அழுத்தி என்னிடம் கொடுத்தார். வழக்கமாக அவர் சத்தத்தைக் கூட்டி வைத்து, பக்கத்தில் நின்று, இரண்டு பக்கக் குரலும் வருகிறதா என்று காதைக் கொடுப்பார். அன்று சத்தத்தைக் கூட்டவில்லை. முப்பதடி தள்ளிக் குழாயடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த பூட்ஸைக் கழுவ ஆரம்பித்தார்.

நெடுநேரம் அடித்தது. பிறகு என் மகன், "ஹலோ," என்றான்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மாவா? என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. லைன் வந்திருச்சு."

"அப்படியா?" என்றான். "அங்க லைன் இருக்காதுன்னு இருந்துட்டேன்மா. அதான் கூப்பிடல," என்றான்.

நான் ஊருக்குச் சொன்ன பதிலையே அவனும் வைத்திருந்தான்.

"ஆமா. அப்ப இல்ல. இப்ப வந்திருச்சு," என்றேன்.

அவன் வீட்டில் டிவி ஓடுவது கேட்டது. மருமகள், "யாருங்க?" என்று கேட்டது கேட்டது. அவன், "அம்மா," என்றது கேட்டது. பல வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை எடுத்துவிட வேண்டும் என்று, "அன்னிக்கி அந்த ரசத்த நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"எந்த ரசம்மா?"

மறந்துவிட்டானா, மறந்த மாதிரி கேட்டானா? அவன் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிற லைனில் எனக்கு அது தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

"சரிம்மா. கடைக்குக் கிளம்பிக்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமன்னா கூப்பிடறேன்."

"சரி," என்றேன். வைத்துவிட்டான்.

சில ஞாயிறு கூப்பிடுகிறான். சில ஞாயிறு இல்லை. லைன் எல்லா ஞாயிறும் இருக்கிறது. கூப்பிடாத வாரம் நான் கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று தெரிகிறது. யாராவது கேட்டால் அதையே சொல்கிறேன். சரசு இப்போதெல்லாம் கேட்பதில்லை.

அன்று நான் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். லைன்காரர் குழாயை மூடிவிட்டு மேலே ஏறி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தார்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. அவன் பேசினது ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு."

மற்ற வீடுகளில் அப்படிச் சொன்னால் கையை நீட்டுவார், போனை வாங்கித் தானே ஒரு தடவை கேட்பார். கிராணி சொன்னாலும், பூசாரி சொன்னாலும், நான் சாப்பாட்டில் காரம் இல்லை என்று சொன்னாலும் அவருக்கு அப்படித்தான். அன்று கையை நீட்டவில்லை. என் வீட்டு நம்பருக்கு நேரே, வெறுமையாக இருந்த கட்டத்தில், பென்சிலை அழுத்தி உண்டு என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்.